விதைக் கிடங்கின் சுவரில் ஒரு நீலக் கேடயம்

போர்க்காலத்தில் மருத்துவமனையின் கூரைமீது பெரிய செஞ்சிலுவை தீட்டப்பட்டிருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். "இங்கே காயம்பட்டவர்கள் இருக்கிறார்கள், இதன்மேல் குண்டு போடாதே" என்பது அதன் பொருள். 1864-ஆம் ஆண்டு ஜெனிவா நகரில் கூடிய நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையிலிருந்து வந்த அடையாளம் அது.

இன்னோர் அடையாளமும் உண்டு. அதை நம்மில் பலர் பார்த்திருக்க மாட்டோம். நீலமும் வெள்ளையுமாக, கீழே கூராக முடியும் ஒரு கேடயம். பழைய கட்டடங்கள், அருங்காட்சியகங்கள், சுவடி நூலகங்கள் ஆகியவற்றின் சுவரில் அதைப் பொறித்து வைக்கலாம் என்று 1954-இல் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். "இது மனித குலத்தின் சொத்து, இதை அழிக்காதே" என்று அந்தக் கேடயம் படைவீரனுக்குச் சொல்கிறது.

சரி, விதைக் கிடங்கின் சுவரில் எந்த அடையாளம் இருக்க வேண்டும்? இந்த இரண்டு உடன்படிக்கைகளும் விதைக் கிடங்கைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அந்த நீலக் கேடயத்தை விதைக் கிடங்கின் சுவரிலும் பொறிக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை உங்கள்முன் வைக்கிறேன். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்.

கோதுமையை எடுத்துக்கொண்டு பேசுவோம். நாம் சோறு உண்பவர்கள்தாம். ஆனால் உலக மக்கள் எல்லாரும் உணவிலிருந்து பெறும் கலோரியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கோதுமையிலிருந்து கிடைக்கிறது. போரும் அரசும் சட்டமும் ஒரு விதையை எப்படியெல்லாம் அலைக்கழிக்க முடியும் என்பதற்கும் கோதுமையே நல்ல சான்று.

ஒன்றுக்கும் உதவாத கோதுமை

1948-இல் ஜாக் ஹார்லன் என்னும் அமெரிக்கத் தாவர ஆராய்ச்சியாளர் துருக்கியின் கிழக்குப் பகுதியில் விதைகளைத் திரட்டிக்கொண்டிருந்தார். அங்கே அவருக்கு ஒரு கோதுமை கிடைத்தது. பார்த்தாலே பரிதாபமாக இருந்த பயிர் அது. நெட்டையாக வளரும்; தண்டு மெலிந்தது; எளிதில் சாய்ந்துவிடும். இலைத் துரு நோய் பிடிக்கும். கடுங்குளிரைத் தாங்காது. மாவு ரொட்டிக்கு ஏற்றதன்று. ஆனாலும் அதற்கு 178383 என்று ஓர் எண் கொடுத்துப் பாதுகாத்து வைத்தார்கள். பதினைந்து ஆண்டுகள் அதை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

பிறகு அமெரிக்காவின் வடமேற்கு மாநிலங்களில் மஞ்சள் துரு நோய் பரவிற்று. நோயை எதிர்க்கும் கோதுமை எங்காவது இருக்கிறதா என்று சேமிப்பிலிருந்த மாதிரிகளையெல்லாம் சோதித்தார்கள். அப்போது அந்த 178383 எழுந்து நின்றது! மஞ்சள் துருவின் நான்கு வகைகளை அது எதிர்த்தது. கதிர்மணியைக் கரும்பொடியாக்கும் கரிப்பூட்டை நோயிலும் பல பத்து வகைகள் அதனிடம் தோற்றன. அந்தப் பகுதியில் பின்னர் உருவாக்கப்பட்ட பல நல்ல ரகங்களில் இந்த 'உதவாக்கரை'யின் இரத்தம் கலந்திருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. துரு நோயை உண்டாக்குவது ஒரு பூஞ்சை. அது ஓயாமல் தன்னை மாற்றிக்கொள்ளும். இன்று நோயை வெல்லும் ரகம் பத்தாண்டு கழித்துத் தோற்றுவிடலாம். உகாண்டா நாட்டில் 1998-இல் கண்டறியப்பட்டு, 'யூஜி 99' என்று பெயர் பெற்ற தண்டுத் துரு அப்படித்தான் வந்தது. உலகின் கோதுமை வயல்கள் பலவற்றுக்கு நெடுங்காலம் காவலாக இருந்த ஒரு மரபணுவை அது வீழ்த்திவிட்டது. மாற்று மரபணுக்களை எங்கே தேடினார்கள்? உழவர்கள் பெரும்பாலும் கைவிட்டுவிட்ட பழைய ரகங்களிலும், கோதுமையின் உறவினரான காட்டுப் புற்களிலும்தான். ஆகவே எந்த விதை உதவும், எந்த விதை உதவாது என்று இன்றைக்கு நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்தத் தீர்ப்பை இனி வரப்போகும் நோய்தான் சொல்லும்.

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். ஜப்பானில் 1935-இல் 'நோரின் 10' என்னும் குட்டைக் கோதுமை உருவாயிற்று. இரண்டடிக்குச் சற்றுக் கூடுதலான உயரந்தான். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் தோற்றது. அதன்பின் அங்கிருந்த அமெரிக்கப் படை நிர்வாகத்தில் வேளாண் ஆலோசகராக இருந்த சாமன் என்பவர் 1946-இல் அதன் விதையை அமெரிக்காவுக்கு அனுப்பினார். அங்கே ஆர்வில் வோகல் அதை வேறு ரகங்களுடன் கலந்தார். அவரிடமிருந்து மெக்சிகோவில் பணியாற்றிய நார்மன் போர்லாக்கின் கைக்கு வந்தது. உரமிட்டால் நெட்டைக் கோதுமை கதிரின் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். குட்டைக் கோதுமை நிமிர்ந்து நிற்கும். அதுதான் இரகசியம்.

அந்த விதை நம்மிடம் வந்த விதத்தைப் பாருங்கள். 1965-இல் மெக்சிகோவிலிருந்து இந்தியாவுக்குச் சுமார் 200 டன்னும் பாகிஸ்தானுக்குச் சுமார் 250 டன்னும் கப்பலில் புறப்பட்டன. அந்தச் சமயத்தில் இரு நாடுகளுக்கும் இடையே போர் மூண்டுவிட்டது! விதை ஒருவழியாக வந்து சேர்ந்து, விதைத்துப் பார்த்தால் பாதிகூட முளைக்கவில்லை. மெக்சிகோவில் கிடங்கில் பூச்சி மருந்துப் புகையை அளவுக்கு மீறிப் போட்டிருந்தார்கள். விதைக்கும் அளவை இரட்டிப்பாக்கும்படி போர்லாக் சொன்னார். ஆண்டு தப்பியது. 1966-இல் 18,000 டன் விதை வந்தது. நம் கோதுமை விளைச்சல் 1964-65-இல் சுமார் 1.2 கோடி டன். அண்மை ஆண்டுகளில் 11 கோடி டன்னைத் தாண்டியிருக்கிறது. இதில் நீருக்கும் உரத்துக்கும் அரசின் கொள்முதல் விலைக்கும் பங்குண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பிடி ஜப்பானிய விதை இருந்தது. போரில் அது தீக்கிரையாகியிருந்தால்?

விதை வங்கி பெட்டகம் அன்று

பலர் விதை வங்கியை நகைப் பெட்டகம் போல் நினைக்கிறார்கள். வைத்துப் பூட்டிவிட்டால் போதும் என்பது அவர்கள் எண்ணம். விதையோ உயிருள்ள பொருள். மெல்ல மெல்ல மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த மூச்சின் வேகத்தைக் குறைப்பதுதான் விதை வங்கியின் வேலை.

ஒரு கைக்கணக்கு உண்டு. விதையின் ஈரப்பதத்தில் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரு மடங்காகும். வெப்பநிலையில் ஐந்து டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் இரு மடங்காகும். 30 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஆறு முறை இரட்டிப்பு. அதாவது 64 மடங்கு. ஈரப்பதத்தையும் 12 சதவீதத்திலிருந்து 7-ஆகக் குறைத்தால் இன்னும் ஐந்து முறை இரட்டிப்பு. பெருக்கிப் பாருங்கள், இரண்டாயிரம் மடங்குக்கு மேல் வரும். (விதை நம் பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு அப்படியே கட்டுப்படுவதில்லை. இது தோராயக் கணக்குதான்.) இன்றைய விதை வங்கிகள் விதையை நன்கு உலர்த்தி, காற்றுப் புகாத அலுமினியத் தாள் உறையிலிட்டு, பூச்சியத்துக்குக் கீழே 18 டிகிரியில் வைக்கின்றன.

அதோடு முடிந்ததா? இல்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கொஞ்சம் விதையை எடுத்து முளைக்கவிட்டுப் பார்க்க வேண்டும். முளைப்பு குறைந்திருந்தால் அந்த மாதிரியை வயலில் விதைத்து, பிற ரகங்களோடு கலக்காமல் அறுத்து, புது விதையை உறையிலிட வேண்டும். ஆகவே விதை வங்கிக்கு மின்சாரம் வேண்டும், வயல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக வேலை தெரிந்த ஆட்கள் வேண்டும். போர் வந்தால் முதலில் போவது இந்த ஆட்கள்தாம். சுவரில் ஒரு கீறல்கூட விழாமலே ஒரு விதை வங்கி செத்துப்போக முடியும்.

லெனின்கிராடு

விதை காத்தவர்களைப் பற்றிப் பேசும்போது நிக்கலாய் வாவிலோவை விட்டுவிட முடியாது. சோவியத் நாட்டைச் சேர்ந்த இவர் உலகெங்கும் சுற்றி, பயிர்கள் எங்கெங்கே தோன்றின என்று ஆராய்ந்தவர். அவருடைய நிறுவனம் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளை லெனின்கிராடு நகரில் சேர்த்து வைத்திருந்தது. அந்த மாதிரிகளில் கோதுமைக்குப் பெரிய இடம்.

அவருக்கு அவருடைய அரசு செய்த கைம்மாறு என்ன? மரபியலே பொய் என்று சொல்லிவந்த லைசென்கோ என்பவருக்கு ஸ்டாலினின் ஆதரவு இருந்தது. அவரை மறுத்துப் பேசிய வாவிலோவ் 1940 ஆகஸ்டில் கைதானார். முதலில் மரண தண்டனை. பிறகு அது இருபது ஆண்டுச் சிறையாக மாற்றப்பட்டது. உலகின் பசியைப் போக்க விதை திரட்டிய மனிதர் 1943 ஜனவரியில் சரடோவ் சிறையில் போதிய உணவின்றி நலிந்து இறந்தார்.

அதே சமயத்தில் அவருடைய நகரத்தை ஜெர்மன் படைகள் சூழ்ந்து நின்றன. 1941 செப்டம்பரில் தொடங்கிய முற்றுகை 1944 ஜனவரி வரை, 872 நாட்கள் நீடித்தது. முதல் குளிர்காலத்தில் பலருக்கு நாளொன்றுக்கு 125 கிராம் ரொட்டிதான் கிடைத்தது. அதிலும் மாவல்லாத கலப்படம் பாதி. வாவிலோவின் நிறுவன ஊழியர்கள் நெல்லும் கோதுமையும் நிலக்கடலையும் நிறைந்த அறைகளுக்குள் அமர்ந்து, எலிகளையும் உறைபனியையும் விரட்டிக்கொண்டு, அவற்றில் ஒரு மணியையும் வாயில் போடாமல் காவல் காத்தார்கள். பலர் பட்டினியால் இறந்தார்கள். நெல் விதைகளுக்குப் பொறுப்பாளரான திமித்ரி இவனோவ் அவர்களில் ஒருவர்.

நீங்கள் கேட்கலாம்: "மக்கள் சாகும்போது விதையைப் பூட்டி வைப்பது சரியா?" நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். அங்கிருந்த விதை சில டன்கள். நகரில் இருந்தவர்கள் இருபது லட்சத்துக்கும் மேல். எல்லாருக்கும் பங்கிட்டால் ஆளுக்குச் சில கிராம் கிடைக்கும். ஒரு வேளைக் கஞ்சிக்குக்கூடக் காணாது. ஊழியர்கள் தாங்களே தின்றிருந்தால் பிழைத்திருப்பார்கள். அதை அவர்கள் செய்யவில்லை. அது அவர்கள் தாமாக எடுத்த முடிவு. அப்படிச் செய்யும்படி வேறு யாரையும் கேட்க நமக்கு உரிமையில்லை என்றே நான் கருதுகிறேன். அந்த நிலைக்கு மனிதர்களைத் தள்ளாமல் இருப்பதற்குத்தான் சட்டம் வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அதே நகரிலுள்ள ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தின் ஓவியங்களையும் சிற்பங்களையும் யூரல் மலைப் பக்கம் கொண்டுபோக அரசு இரயில் விட்டது. விதைத் தொகுப்பின் பெரும்பகுதியோ நகரிலேயே தங்கிவிட்டது. ஓவியத்தின் அருமை அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது. விதையின் அருமை தெரியவில்லை.

அபு கிரைப், அலெப்போ, ஸ்வால்பார்டு

லெனின்கிராட்டில் விதை தப்பியது. ஆப்கானிஸ்தானில் தப்பவில்லை. அங்கே போருக்குப் பயந்து விதைகளைக் கஜ்னியிலும் ஜலாலாபாத்திலும் வீடுகளில் மறைத்து வைத்திருந்தார்கள். 2002-இல் போய்ப் பார்த்தபோது விதைகள் தரையில் கொட்டிக் கிடந்தன. கொள்ளையர்களுக்கு விதைமேல் பகையில்லை; அவர்களுக்கு வேண்டியிருந்தவை விதை வைத்திருந்த பிளாஸ்டிக், கண்ணாடி ஜாடிகள்! ஜாடிக்கு விலை உண்டு, விதைக்கு இல்லை என்று அவர்கள் நினைத்ததில் வியப்பில்லை. அது என்னவென்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

ஈராக்கின் விதை வங்கி அபு கிரைப் என்னும் ஊரில் இருந்தது. 2003 போரில் அது சூறையாடப்பட்டது. நல்லவேளையாக, அந்நாட்டு விஞ்ஞானிகள் 1996-லேயே முக்கியமான விதைகளை ஒரு பெட்டியில் வைத்துச் சிரியாவுக்கு அனுப்பியிருந்தார்கள். மறு ஆண்டே ஈராக்கை ஆண்ட அமெரிக்கத் தலைமையிலான நிர்வாகம் 81-ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தது. புதிய ரகம் ஒன்றை உருவாக்கியவர் அதைப் பதிவு செய்து உரிமை பெற்றுவிட்டால், அந்த ரகத்தின் விதையை உழவர் எடுத்து வைத்து மறுபடி விதைக்கக் கூடாது என்றது அந்த ஆணை. பழைய ரகங்களுக்கு இந்தத் தடை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் உலகில் முதன்முதலாகக் கோதுமை பயிரிட்ட நிலங்களை அடுத்த ஒரு நாட்டில், பழைய விதைகளின் வங்கி கொள்ளைபோன மறு ஆண்டு, புதிய விதைகளுக்குச் சட்டம் வருகிறது என்றால் அந்த வரிசை எனக்குச் சரியாகப் படவில்லை. நம் நாட்டில் 2001-இல் இயற்றிய பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் இதில் மேல். விதையை எடுத்து வைக்கவும், மறுபடி விதைக்கவும், அண்டை வீட்டாரோடு மாற்றிக்கொள்ளவும் உழவருக்குள்ள உரிமையை அது எழுத்தில் ஏற்கிறது. பெயரிட்ட பொட்டலத்தில் விற்பதை மட்டுமே தடுக்கிறது.

ஈராக்கின் பெட்டி போய்ச் சேர்ந்த இடம், அலெப்போ நகருக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டரில் உள்ள தெல் ஹாத்யா. வறண்ட நிலங்களுக்கான சர்வதேச வேளாண் ஆராய்ச்சி மையம், அதாவது 'இக்கார்டா', அங்கேதான் இருந்தது. கோதுமை, வாற்கோதுமை, கொண்டைக்கடலை, பயறு வகைகள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள். 2011-இல் சிரியாவில் உள்நாட்டுப் போர் தொடங்கிற்று. 2012-இல் வெளிநாட்டு ஊழியர்கள் வெளியேறினார்கள். உள்ளூர் ஊழியர்கள் குளிர் அறைகளை மேலும் சில காலம் இயக்கி வந்தார்கள். ஆனால் விதைத்துப் புதுப்பிப்பதும் பிற நாடுகளுக்கு அனுப்புவதும் நின்றுபோயின.

இங்கே முன்யோசனை காப்பாற்றியது. நார்வே நாட்டின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில், வடதுருவத்திலிருந்து சுமார் 1,300 கிலோமீட்டர் தொலைவில், மலையைக் குடைந்து 2008-இல் ஓர் உலக விதைக் கிடங்கைத் திறந்தார்கள். எந்த நாடும் தன் விதையின் நகலை அங்கே வைக்கலாம். பெட்டியைத் திறக்கும் உரிமை வைத்தவருக்கு மட்டுமே. தொடக்கத்திலிருந்தே இக்கார்டா தன் மாதிரிகளின் நகலை அங்கே அனுப்பி வந்தது. 2015-இல் திருப்பிக் கேட்டது. 128 பெட்டிகளில் சுமார் 38,000 மாதிரிகள் லெபனானுக்கும் மொராக்கோவுக்கும் போயின. அந்தக் கிடங்கிலிருந்து விதை வெளியே வந்தது அதுவே முதல் முறை. விதைத்துப் பெருக்கி, 2017 முதல் புது நகல்களைத் திருப்பி வைக்கத் தொடங்கினார்கள். கடனை வட்டியோடு அடைத்த மாதிரி!

ஸ்வால்பார்டு ஏன் பத்திரமான இடம்? குளிர் மட்டும் காரணமன்று. அந்தத் தீவுகளைப் போர்க் காரியங்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 1920-இல் பல நாடுகள் கையெழுத்திட்ட ஓர் உடன்படிக்கை இருக்கிறது. விதையைக் காப்பதில் பனியோடு சட்டமும் கைகோத்து நிற்கிறது. ஆனால் எல்லாரும் தம் விதையை ஸ்வால்பார்டிலேயே வைத்துப் பயிர் வளர்க்க முடியாதே! அது நகல் வைக்கும் இடம். வேலை நடக்கும் வங்கிகள் நாடுகளுக்குள்தான் இருக்க வேண்டும். லெபனானில் இக்கார்டாவின் புதிய விதை வங்கி இருப்பது பெக்கா பள்ளத்தாக்கில். 2024-இல் அந்தப் பள்ளத்தாக்கிலும் விமானக் குண்டுகள் விழுந்தன. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னால், 2022 மே மாதத்தில், உக்ரைனின் கார்கிவ் நகரில் தேசிய விதைத் தொகுப்பை நடத்தும் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று தாக்குதலுக்கு உள்ளாயிற்று. அங்கிருந்த மாதிரிகள் அழிந்தன. முக்கியத் தொகுப்பு வேறிடத்தில் இருந்ததால் பிழைத்தது.

சட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு சொற்கள்

பட்டினியைப் போர் ஆயுதமாக்கக் கூடாது என்று ஜெனிவா உடன்படிக்கைகளுக்கு 1977-இல் சேர்த்த நெறிமுறை சொல்கிறது. உணவுப் பொருள், விளைநிலம், பயிர், கால்நடை, குடிநீர், பாசன அமைப்பு ஆகியவற்றை அழிக்கக் கூடாது என்று அது எடுத்துக்காட்டுகளை அடுக்குகிறது. விதை வங்கி அந்த அடுக்கில் இல்லை. வழக்கறிஞர் ஒருவர் வாதாடி உள்ளே நுழைக்கலாம். ஆனால் இந்த நெறிமுறையில் இந்தியா சேரவில்லை. அமெரிக்காவும் கையெழுத்திட்டதோடு நின்றுவிட்டது. ஆகவே இந்த வழி நமக்கு நீண்ட வழி.

ஹேக் உடன்படிக்கையில் இந்தியா உறுப்பு நாடு. சிரியாவும் உறுப்பு நாடுதான். எவையெல்லாம் பண்பாட்டுச் சொத்து என்று அதன் முதல் பிரிவு கூறும் இடத்தில், நினைவுச் சின்னங்கள், ஓவியங்கள், சுவடிகள் ஆகியவற்றோடு "அறிவியல் தொகுப்புகள்" என்ற இரண்டு சொற்களும் இருக்கின்றன. அப்படியானால் வாயில் ஏற்கெனவே பாதி திறந்திருக்கிறது. புதிய உடன்படிக்கைக்காக இன்னும் முப்பது ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. விதை வங்கிகள் அறிவியல் தொகுப்புகளே என்று அரசுகள் அறிவித்து, கேடயத்தைப் பொறித்துவிட்டால் போதும்.

"விதை பண்பாட்டுச் சொத்தா? அது இயற்கையின் பொருளாயிற்றே!" என்று சிலர் மறுப்பார்கள். காட்டுக் கோதுமையின் கதிர் முற்றியதும் தானே உதிர்ந்துவிடும். உதிராத கதிர்களைத் தேர்ந்து அறுத்து, அவற்றையே மறுபடி விதைத்து, சுமார் பத்தாயிரம் ஆண்டுகளாக உழவர்கள் வளர்த்துக் கொடுத்ததுதான் இன்றைய கோதுமை. மனிதன் கைவிட்டால் அதனால் தானாகப் பரவக்கூட முடியாது. அது மனிதன் செய்த பொருள். எந்த அரண்மனையைவிடவும் பழைய கைவேலை.

இந்த உடன்படிக்கையில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. அது கட்டடத்தோடு நின்றுவிடவில்லை. பண்பாட்டுச் சொத்தைக் காக்கும் ஊழியர்களும் அந்தக் கேடயச் சின்னத்தைக் கைப்பட்டையாக அணியலாம். அவர்கள் எதிரியின் கையில் அகப்பட்டாலும், அந்தச் சொத்தும் எதிரியின் வசமாகியிருந்தால், தம் வேலையைத் தொடர்ந்து செய்ய அவர்களை விட வேண்டும் என்கிறது உடன்படிக்கை. விதை வங்கிக்கு வேண்டியது இதுதானே? தெல் ஹாத்யாவில் குளிர் இயந்திரத்துக்கு எண்ணெய் ஊற்றியவருக்குக் கையில் கட்டிக்கொள்ள அப்படி ஒரு பட்டை இருந்திருக்க வேண்டும். உள்நாட்டுப் போரிலும் பண்பாட்டுச் சொத்தை மதிக்க வேண்டும் என்று இந்த உடன்படிக்கை கூறுவதும் நினைவிருக்கட்டும்.

அடையாளம் குண்டைத் தடுக்குமா? தடுக்காது. செஞ்சிலுவை தீட்டிய மருத்துவமனைகள்மீதும் குண்டு விழுந்திருக்கிறது. "இராணுவ அவசியம்" என்று ஒரு ஓட்டையும் ஹேக் உடன்படிக்கையில் இருக்கிறது. ஆனால் அடையாளம் இருந்தால், அழித்தவன் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. மாலி நாட்டின் திம்புக்தூ நகரில் பழைய கல்லறை மண்டபங்களை இடித்த வழக்கில் அல் மஹ்தி என்பவருக்கு 2016-இல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் ஒன்பது ஆண்டுச் சிறை விதித்தது. மண்டபத்துக்கு இருக்கும் நீதி விதைக்கும் இருக்கட்டும் என்கிறேன். ஆப்கானியக் கொள்ளையர்களைப் போன்றவர்களுக்கும், ஜாடிக்குள் இருப்பது என்னவோ முக்கியமான பொருள் என்றாவது தெரியவரும்.

நம் வீட்டு நிலை என்ன? டில்லியில் 1976-இல் அமைத்த தேசியத் தாவர மரபு வளப் பணியகத்தின் வங்கியில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் இருக்கின்றன. தலைநகரின் நடுவிலே இருக்கிறது அந்தக் கட்டடம். லடாக்கில், சாங் லா கணவாயில், 5,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில், பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையோடு சேர்ந்து 2010-இல் அமைத்த இன்னொரு கிடங்கும் உண்டு. அங்கே இயற்கையே குளிரூட்டுகிறது. மின்சாரச் செலவு மிச்சம். ஆனால் அது எல்லையை நோக்கிச் செல்லும் படைச் சாலைமேல் இருக்கிறது! ஹேக் உடன்படிக்கையில் சிறப்புப் பாதுகாப்பு என்று ஒரு மேல்படி உண்டு. அதற்குக் கேடயத்தை மூன்று முறை பொறிப்பார்கள். இராணுவ இலக்குகளிலிருந்து போதிய தொலைவில் இருக்கும் இடத்துக்கே அது கிடைக்கும். சாங் லாவுக்கு அது கிடைக்காது. குளிரைத் தேடிப் போனவர்கள் வரைபடத்தையும் ஒருமுறை பார்த்திருக்கலாம்.

தொலைவு பற்றிய அந்த நிபந்தனை ஒற்றைக் கேடயத்துக்கு இல்லை. டில்லி வங்கியின் சுவரில் அதைப் பொறிக்க வேறு நாட்டின் சம்மதம் தேவையில்லை. நம் அரசின் ஆணை போதும். அந்த நான்கு லட்சத்தில் எத்தனை மாதிரிகளுக்கு வேறோர் ஊரில் நகல் இருக்கிறது, கேடயத்தை எப்போது பொறிக்கப் போகிறார்கள் என்று பாராளுமன்றத்தின் கேள்வி நேரத்தில் நம் உறுப்பினர் ஒருவர் எழுந்து கேட்கலாம். உங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். மாணவர் எழுதும் கடிதத்துக்கும் அவர்கள் பதில் எழுதுவதுண்டு.